பாக்கெட் எங்கே தொலைகிறது? லினக்ஸ் ரவுட்டரின் ஃபார்வர்டிங் சோதனை: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

லினக்ஸ் கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) சொந்த ஃபார்வர்டிங் வசதியை, அதாவது ஒரு போர்ட்டில் வரும் பாக்கெட்டை இன்னொன்றில் அனுப்பும் வசதியைக் கொண்டு ரவுட்டராக இயங்கும் எக்ஸ்86 சர்வர்களைச் சோதிப்பவர்களுக்காக இந்த வழிமுறை எழுதப்பட்டுள்ளது. எடுத்துக்காட்டுகள் இரண்டு 10 ஜிகாபிட் போர்ட்டுகள் கொண்ட இன்டெல் 82599 கார்டையும், அதற்கான ஐஎக்ஸ்ஜிபிஇ டிரைவரையும் அடிப்படையாகக் கொண்டவை. வேறு கார்டுகளில் கவுண்டர்களின் (எண்ணிக்கைப் பதிவுகளின்) பெயர்கள் மாறுமே தவிர, காரணங்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. சோதனை அமைப்பு எளியது: சோதனைப் பாக்கெட்டுகளை உருவாக்கி அனுப்பும் ஒரு ஜெனரேட்டர் இயந்திரத்தின் முதல் போர்ட்டிலிருந்து புறப்படும் பாக்கெட்டுகள் ரவுட்டரின் ஒரு போர்ட்டில் நுழைந்து, மறு போர்ட்டில் வெளியேறி, அதே ஜெனரேட்டரின் இரண்டாவது போர்ட்டுக்குத் திரும்புகின்றன.

எந்த அறிகுறியைத் துரத்துவதாக இருந்தாலும், முதலில் செய்ய வேண்டியது கணக்கை நேர் செய்வதுதான். கடையை அடைக்கும்போது கல்லாப்பெட்டியைச் சரிபார்ப்பதுபோல, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு, அனுப்பிய பாக்கெட்டுகளின் எண்ணிக்கையும், வந்து சேர்ந்தவையும் ஏதாவதொரு கவுண்டரில் இழப்பாகப் பதிவானவையும் சேர்ந்த கூட்டுத்தொகையும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நொடிக்கு 1 கோடி பாக்கெட் வீதம் 60 நொடி அனுப்பினால் மொத்தம் 60 கோடி. திரும்பி வந்தவை 52 கோடி என்றால், மீதி 8 கோடி எந்தக் கவுண்டரில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிந்த பிறகே எந்த அமைப்பையும் மாற்ற வேண்டும். இணையத்தில் கிடைக்கும் ட்யூனிங் பட்டியல்களை ஒட்டுமொத்தமாகப் போட்டுவிட்டு மீண்டும் அளப்பதால் எண் உயரலாம். ஆனால் எது உயர்த்தியது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல இயலாது. ஆகவே ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எத்டூல் கட்டளை காட்டும் கார்டுப் புள்ளிவிவரம், கோர் வாரியான கணக்கு உள்ள சாஃப்ட்நெட் ஸ்டாட் கோப்பு, கெர்னலின் நெட்வொர்க் கவுண்டர்களைக் காட்டும் என்ஸ்டாட் வெளியீடு, டிசி கட்டளை காட்டும் கியூடிஸ்க் (வெளியேறக் காத்திருக்கும் வரிசை) புள்ளிவிவரம் ஆகிய நான்கையும் சேமித்து, வித்தியாசத்தை மட்டும் பார்க்கும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

அறிகுறி: மறுபக்கம் ஒரு பாக்கெட்கூட வரவில்லை

இது வேகத்தைப் பற்றிய சிக்கலே அல்ல. நொடிக்கு நூறு பாக்கெட் என்ற அளவுக்கு வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஆராய வேண்டும். ரவுட்டரின் உள்வரும் போர்ட்டில் பாக்கெட் எண்ணிக்கையே ஏறவில்லை என்றால், ஜெனரேட்டர் எழுதும் சேருமிட மேக் முகவரி (கார்டின் வன்பொருள் முகவரி) ரவுட்டரின் அந்த போர்ட்டுக்கு உரியதா என்று பார்க்கவும். தவறான மேக் முகவரி கொண்ட ஃபிரேமை (கம்பியில் பாக்கெட் பயணிக்கும் உறை) கார்டே வடிகட்டிவிடும். எண்ணிக்கை ஏறியும் பாக்கெட் வெளியேறவில்லை என்றால், ஐபி ஃபார்வர்டு அமைப்பு 1 ஆக இருக்கிறதா என்பதும், அதற்கடுத்து ரிவர்ஸ் பாத் ஃபில்டரும் கவனத்துக்குரியவை. ஜெனரேட்டர் எழுதும் மூல முகவரிக்கு அதே போர்ட் வழியே திரும்பும் ரூட் இல்லாதபோது, கண்டிப்பான நிலையில் உள்ள அந்த ஃபில்டர் பாக்கெட்டை ஓசையின்றித் தள்ளிவிடும்; என்ஸ்டாட் வெளியீட்டில் ஐபி ரிவர்ஸ் பாத் ஃபில்டர் என்ற வரி மட்டுமே அதற்குச் சாட்சி. அதே சர்வரில் டாக்கர் என்ற கன்டெய்னர் மென்பொருள் நிறுவப்பட்டிருந்தால், அது ஃபயர்வாலின் ஃபார்வர்டு செயினின் (கடந்துசெல்லும் பாக்கெட்டுகளுக்கான விதித்தொகுப்பு) கொள்கையை டிராப் என்று மாற்றியிருக்கக் கூடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சோதனைக்கென்றே ஒதுக்கப்பட்ட 198.18.0.0/15 என்ற முகவரித் தொகுப்பைப் பயன்படுத்துபவர்கள் பலர் அதை நேரடியாக வெளிவரும் போர்ட்டின் நெட்வொர்க்காகவே அமைத்துவிடுகிறார்கள். அப்போது ஆயிரக்கணக்கான சேருமிட முகவரிகளுக்கும் ரவுட்டர் ஏஆர்பி மூலம் மேக் முகவரி கேட்க வேண்டியிருக்கிறது. மறுமுனையில் இருக்கும் ஜெனரேட்டர் பதிலளிப்பதில்லை. அண்டை முகவரிப் பட்டியலின் மூன்றாவது வரம்பு இயல்பாக 1,024 என்பதால், நெய்பர் டேபிள் ஓவர்ஃப்ளோ என்ற செய்தி கெர்னல் பதிவில் குவிகிறது. சேருமிட நெட்வொர்க்குகளை ஒரே நெக்ஸ்ட் ஹாப்புக்கு (பாக்கெட்டை அடுத்துப் பெறும் முகவரி) பின்னால் வைத்து, அந்த நெக்ஸ்ட் ஹாப்பின் மேக் முகவரியை நிரந்தரப் பதிவாக எழுதிவிட்டால் இந்தச் சிக்கல் அடியோடு நீங்கும்.

அறிகுறி: ரவுட்டரில் இழப்பு இல்லை, ஆனால் வேகம் ஏறவே மறுக்கிறது

முதல் சந்தேகம் ஜெனரேட்டரின் மீதே விழ வேண்டும். ரவுட்டரை எடுத்துவிட்டு, ஜெனரேட்டரின் இரு போர்ட்டுகளையும் ஒரே கேபிளால் நேரடியாக இணைத்து, அதே அமைப்பில் ஓட்டிப் பார்க்கவும். 10 ஜிகாபிட் ஈதர்நெட்டில் 64 பைட் ஃபிரேம்களின் உச்சவரம்பு நொடிக்கு 1,48,80,952. ஒவ்வொரு ஃபிரேமோடும் 8 பைட் முன்னொட்டும், 12 பைட் அளவிலான இடைவெளியும் சேர்ந்து கம்பியில் 84 பைட் ஆவதால் இந்த எண் வருகிறது. நேரடி இணைப்பிலேயே இதை எட்டாத ஜெனரேட்டரைக் கொண்டு ரவுட்டரின் எல்லையை அளக்க முடியாது. ஐபெர்ஃப்3 இந்த வேலைக்கு உரிய கருவியல்ல. அது இரு முனைகளிலும் உள்ள இயங்குதளங்களின் டிசிபி அல்லது யுடிபி அடுக்கை அளக்கிறது. லினக்ஸ் கெர்னலிலேயே உள்ள பிகேடிஜென், கெர்னலைத் தவிர்த்துக் கார்டை நேரடியாக இயக்கும் டிபிடிகே நூலகத்தின் மீது கட்டப்பட்ட டிரெக்ஸ், மூன்ஜென் போன்றவையே பொருத்தமானவை.

ஜெனரேட்டர் சரியாக இருந்தும், ரவுட்டரை நடுவில் வைத்தவுடன் அனுப்பும் வேகமே குறைகிறது, ஆனால் இழப்பு பூஜ்யம் என்றால், அது ஏறக்குறைய உறுதியாக பாஸ் ஃபிரேம்களின் வேலை. ரவுட்டரின் கார்டு தன்னால் சமாளிக்க முடியாதபோது நிறுத்து என்று சொல்லும் ஈதர்நெட் ஃபிரேமை அனுப்புகிறது. ஜெனரேட்டரின் கார்டு அதற்குக் கீழ்ப்படிந்து நின்றுவிடுகிறது. எந்தப் பாக்கெட்டும் தொலையாததால் ரவுட்டர் நன்றாகச் செயல்பட்டதாக முடிவு வந்துவிடுகிறது. எத்டூல் புள்ளிவிவரத்தில் ஃபுளோ கன்ட்ரோல் எக்ஸ்ஆஃப் என்ற பெயருடைய கவுண்டர் ஏறியிருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. சோதனைக் காலத்தில் இரு இயந்திரங்களிலும், எல்லாப் போர்ட்டுகளிலும் ஃபுளோ கன்ட்ரோலை அணைத்து வைப்பதை விதியாகவே கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. இதைக் குறிப்பிடாத சோதனை அறிக்கையின் பூஜ்ய இழப்பை நான் ஏற்பதில்லை.

இரு திசைகளிலும் ஒரே நேரத்தில் அனுப்பும்போது மட்டும், அதுவும் பெரிய ஃபிரேம்களில், இழப்பு தோன்றினால் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பைப் பார்க்கவும். இரண்டாம் தலைமுறை இணைப்பின் ஒரு லேன் பயனுள்ள 4 ஜிகாபிட்டைத் தருவதால், நான்கு லேன்களில் கிடைப்பது 16 ஜிகாபிட் மட்டுமே. இரண்டு போர்ட்டுகளிலும் 10 ஜிகாபிட் உள்வந்தால் 20 தேவை. மதர்போர்டில் எட்டு லேன் நீளமுள்ள ஸ்லாட்டில் நான்கு லேன்களுக்கு மட்டும் இணைப்பு தரப்பட்டிருப்பது அரிதல்ல. எல்எஸ்பிசிஐயின் விரிவான வெளியீட்டில் கார்டின் திறன் என்று சொல்லும் வரியும், நடப்பு நிலை என்று சொல்லும் வரியும் பொருந்துகின்றனவா என்று ஒப்பிட்டால் ஒரு நிமிடத்தில் விடை தெரியும்.

அறிகுறி: 1,518 பைட்டில் முழு வேகம், 64 பைட்டில் படுவீழ்ச்சி

இது பழுது அல்ல, இயல்பு. 1,518 பைட் ஃபிரேம்களில் 10 ஜிகாபிட் என்பது நொடிக்குச் சுமார் 8 லட்சத்து 12 ஆயிரம் பாக்கெட்டுகள்தான். மென்பொருள் ரவுட்டருக்கு ஆகும் செலவின் பெரும்பகுதி பாக்கெட்டின் எண்ணிக்கையைப் பொறுத்தது, பைட்டைப் பொறுத்தது அல்ல. 64 பைட்டில் முழு வேகம் என்றால் ஒரு பாக்கெட்டுக்குக் கிடைக்கும் நேரம் 67.2 நானோ நொடி. 3 கிகாஹெர்ட்ஸ் கோர் ஒன்றுக்கு அது சுமார் 200 சுழற்சிகள். நினைவகத்துக்கு ஒருமுறை போய்வருவதே அதில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்ளும் என்பதால், ஒரே கோர் கெர்னல் வழியே அந்த வேகத்தைத் தரும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆகவே முடிவுகளை ஜிகாபிட்டில் மட்டும் சொல்லாமல், நொடிக்கு எத்தனை பாக்கெட் என்றும் சேர்த்தே சொல்ல வேண்டும். நெட்வொர்க் கருவிகளைச் சோதிக்கும் முறையைச் சொல்லும், 1999இல் வெளியான இணைய ஆவணமான ஆர்எஃப்சி 2544 ஈதர்நெட்டுக்கு 64 முதல் 1,518 பைட் வரை ஏழு ஃபிரேம் அளவுகளைப் பட்டியலிட்டிருப்பதும் இந்த வித்தியாசத்தை வெளிக்கொண்டுவரவே.

அறிகுறி: ஒரே ஒரு கோர் திணறுகிறது, மற்றவை சும்மா இருக்கின்றன

மென்பொருள் ரவுட்டர் சோதனைகளில் மிக அதிகமாகக் காணப்படுவதும், மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். டாப் கட்டளையில் 1 என்ற எண்ணை அழுத்திக் கோர்களைத் தனித்தனியே பார்க்கும்போது, ஒன்றில் மட்டும் எஸ்ஐ (சாஃப்ட்வேர் இன்டரப்ட்டுக்குச் செலவாகும் நேரம்) என்ற பகுதி 100 விழுக்காட்டைத் தொட்டிருக்கும். கேசாஃப்ட்ஐஆர்கியூடி என்ற கெர்னல் வேலை அந்தக் கோரிலேயே உட்கார்ந்திருக்கும். சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு 8 கோர் இயந்திரம் 12 விழுக்காடுதான் பயன்பாட்டில் இருப்பதாகத் தெரியும்.

காரணத்தைப் புரிந்துகொள்ள, கார்டு பாக்கெட்டை எப்படிப் பங்கிடுகிறது என்று தெரிய வேண்டும். பல கியூக்கள் (வரிசைகள்) கொண்ட கார்டு, ஒவ்வொரு பாக்கெட்டின் முகவரிகளையும் போர்ட் எண்களையும் (கார்டின் போர்ட் அல்ல, டிசிபி அல்லது யுடிபி தலைப்பில் உள்ள எண்) டோப்லிட்ஸ் என்ற ஹாஷ் முறையில் கணக்கிட்டு, அந்த விடையைக் கொண்டு ஒரு கியூவைத் தேர்கிறது. ஒவ்வொரு கியூவின் இன்டரப்ட்டும் (பாக்கெட் வந்ததை அறிவிக்கும் சமிக்ஞை) ஒரு கோருக்குப் போகிறது. ஒரே ஃபுளோவை (ஒரே முகவரிகளும் போர்ட் எண்களும் கொண்ட தொடர்) சேர்ந்த பாக்கெட்டுகள் வரிசை மாறாதிருக்க, அவை எப்போதும் ஒரே கியூவுக்கே வர வேண்டும். ஆக, ஜெனரேட்டர் ஒரே மூல முகவரி, ஒரே சேருமிட முகவரி, ஒரே போர்ட் எண் என்று அனுப்பினால், எத்தனை கோர் இருந்தாலும் ஒன்றுதான் உழைக்கும். அது ரவுட்டரின் குறை அல்ல. ஒரு கோரின் திறனை அளந்திருக்கிறோம் என்று பொருள். அந்த எண்ணும் பயனுள்ளதுதான், அதை அப்படியே பெயரிட்டுச் சொன்னால்.

அடுத்த கட்டம் இதைவிட நுட்பமானது. போர்ட் எண்களை மாற்றி மாற்றி அனுப்பியும் எல்லாம் ஒரே கியூவில் விழுகின்றன என்று பலர் திகைப்பதுண்டு. ஐஎக்ஸ்ஜிபிஇ உள்ளிட்ட சில இன்டெல் டிரைவர்கள் யுடிபி பாக்கெட்டுகளுக்கு இயல்பாக ஐபி முகவரிகளை மட்டுமே ஹாஷில் சேர்க்கின்றன. துண்டாக்கப்பட்ட யுடிபி பாக்கெட்டின் பின்துண்டுகளில் போர்ட் எண் இராது என்பதால், வரிசை குலையாமல் இருக்கச் செய்யப்பட்ட ஏற்பாடு இது. எத்டூலின் ஆர்எக்ஸ் ஃபுளோ ஹாஷ் அமைப்பில் யுடிபி4 என்பதற்கு எஸ்டிஎஃப்என் என்று கொடுத்தால், மூல முகவரி, சேருமிட முகவரி, இரு போர்ட் எண்கள் ஆகிய நான்கும் ஹாஷில் சேரும். அல்லது ஜெனரேட்டரிலேயே ஐபி முகவரிகளை மாற்றலாம். ஆர்எஃப்சி 2544 சேருமிடங்களை 256 நெட்வொர்க்குகளில் பரப்பிச் சோதிக்கச் சொல்கிறது, 2007இல் வந்த ஆர்எஃப்சி 4814 போர்ட் எண்களையும் சீரற்ற முறையில் மாற்றச் சொல்கிறது.

கியூக்கள் பிரிந்த பிறகும் கோர்கள் பிரியவில்லை என்றால், ப்ராக் இன்டரப்ட்ஸ் கோப்பைத் திறந்து, கார்டின் ஒவ்வொரு கியூவுக்குரிய வரியிலும் எந்தக் கோரின் நெடுவரிசையில் எண் ஏறுகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு வரியும் தனித்தனி நெடுவரிசையில் ஏற வேண்டும். இரண்டு வரிகள் ஒரே நெடுவரிசையில் ஏறினால், ஐஆர்கியூ பேலன்ஸ் சேவையை நிறுத்திவிட்டு, இன்டரப்ட்டுகளைக் கையாலேயே ஒன்றுக்கு ஒன்றாகக் கோர்களுக்குப் பொருத்துங்கள். ஹைப்பர் த்ரெடிங் இயங்கும் இயந்திரத்தில் கோர் 0, கோர் 8 என்று காட்டப்படுபவை ஒரே மெய்யான கோரின் இரு முகங்களாக இருக்கக் கூடும் என்பதால், எல்எஸ்சிபியு காட்டும் வரைபடத்தைப் பார்த்தே பொருத்த வேண்டும்.

பிபிபிஓஇ (சந்தாதாரரின் ஐபி பாக்கெட்டை ஈதர்நெட்டுக்குள் இன்னொரு உறையிட்டு அனுப்பும் முறை) வழியே வரும் போக்குவரத்தைச் சோதிப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. பல கார்டுகளுக்கு பிபிபிஓஇ உறைக்குள் இருக்கும் ஐபி முகவரி தெரியாது. ஆகவே எத்தனை ஆயிரம் சந்தாதாரர்கள் இருந்தாலும் எல்லாப் பாக்கெட்டுகளும் முதல் கியூவுக்கே வந்து சேரும். அந்த நிலையில் கெர்னலின் ஆர்பிஎஸ் வசதியைப் பயன்படுத்தி மென்பொருளிலேயே பங்கிடலாம். பங்கிடும் வேலை முதல் கோருக்குக் கூடுதல் சுமைதான் என்றாலும், எல்லாவற்றையும் அதுவே சுமப்பதைவிட மேல்.

அறிகுறி: எல்லாக் கோர்களும் உழைக்கின்றன, ஆனாலும் பாக்கெட் தொலைகிறது

இப்போது கவுண்டர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். ஆர்எக்ஸ் மிஸ்டு எரர்ஸ் ஏறினால், கார்டு பாக்கெட்டைப் பெற்றது, ஆனால் அதை வைக்க ரிங் பஃபரில் (கெர்னல் எடுக்கும்வரை பாக்கெட் காத்திருக்கும் இடம்) இடமில்லை என்று பொருள். கெர்னல் போதிய வேகத்தில் எடுத்துச் செல்லவில்லை. இங்கே ரிங்கின் அளவை 512இலிருந்து 4,096 ஆக உயர்த்துவதுதான் வழக்கமான முதல் ஆலோசனை. அதன் விலையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முழு வேகத்தில் ஒரே கியூவுக்கு வரும் பாக்கெட்டுகள் 512 இடங்களை 34 மைக்ரோ நொடியில் நிரப்பிவிடும். 4,096 இடங்கள் 275 மைக்ரோ நொடிவரை தாங்கும். கெர்னல் அவ்வப்போது சற்றே தாமதிப்பதால் வரும் இழப்பை இது தீர்க்கும். ஆனால் ஒரு பஃபர் 2 கிலோபைட் என்று வைத்தால், 8 கியூக்களுக்கு 4,096 வீதம் 64 மெகாபைட் ஆகிறது; பல சிபியுக்களின் மூன்றாம் நிலைக் கேஷ் அதைவிடச் சிறியது. ஒவ்வொரு பாக்கெட்டையும் மெயின் மெமரியிலிருந்து இழுக்க வேண்டிய நிலை வந்தால், தொடர்ச்சியான வேகம் குறையவே செய்யும். 1,024, 2,048 என்று படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் அளந்து பார்ப்பதே முறை.

சாஃப்ட்நெட் ஸ்டாட் கோப்பில் ஒவ்வொரு வரியும் ஒரு கோருக்குரியது. எண்கள் பதினாறடிமானத்தில் இருக்கும். முதல் நெடுவரிசை கையாண்ட பாக்கெட்டுகள். இரண்டாவது, ஆர்பிஎஸ் போன்றவை பயன்படுத்தும் பேக்லாக் (காத்திருப்பு வரிசை) நிரம்பியதால் தொலைந்தவை. அது ஏறினால் நெட்டெவ் மேக்ஸ் பேக்லாக் என்ற வரம்பை இயல்பான 1,000இலிருந்து உயர்த்தலாம். மூன்றாவது, வேலை மீதமிருக்கும்போதே 300 பாக்கெட் என்ற பட்ஜெட்டோ நேர வரம்போ முடிந்து கெர்னல் வெளியேற நேர்ந்த தடவைகள். மூன்றாவது ஏறுவதைப் பார்த்துப் பதற்றம் வேண்டாம்; அது இழப்பு அல்ல, நெருக்கடியின் அடையாளம் மட்டுமே.

கவுண்டர்கள் இடத்தைக் காட்டிய பின், காரணத்தைக் காட்டுவது பெர்ஃப் டாப்; எந்தக் கெர்னல் செயல்பாட்டில் நேரம் போகிறது என்று பட்டியலிடும் கட்டளை அது. எஃப்ஐபி டேபிள் லுக்கப் மேலே நின்றால் ரூட்டிங் டேபிள் தேடலுக்கு நேரம் போகிறது. இரண்டு ரூட்டுகளோடு செய்த சோதனைக்கும், 9 லட்சம் ரூட்டுகளைத் தாண்டிய, முழு இணையத்துக்குமான பிஜிபி டேபிளோடு செய்த சோதனைக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெரியும். என்எஃப்டி டு செயின் மேலே நின்றால் ஃபயர்வால் விதிகள். ஸ்பின் லாக் ஸ்லோபாத் மேலே நின்றால், பல கோர்கள் ஒரே அனுப்பும் கியூவுக்காகப் போட்டியிடுகின்றன. எக்ஸ்பிஎஸ் அமைப்பில் கோருக்கு ஒரு கியூ என்று பிரித்துக் கொடுக்கவும்.

அறிகுறி: தொடங்கும்போது நன்றாக ஓடி, ஓரிரு நொடியில் சரிகிறது

கான்ட்ராக் (ஒவ்வொரு இணைப்பையும் நினைவில் வைக்கும் கெர்னல் பகுதி) ஏற்றப்பட்டிருக்கிறதா என்று எல்எஸ்மாட் மூலம் பார்க்கவும். முகவரியையும் போர்ட்டையும் சீரற்றதாக மாற்றும் ஜெனரேட்டரின் ஒவ்வொரு பாக்கெட்டும் கான்ட்ராக்கின் கண்ணுக்கு ஒரு புதிய இணைப்பு. பல சர்வர்களில் இயல்பான வரம்பு 2,62,144. நொடிக்கு 10 லட்சம் பாக்கெட் வந்தால் கால் நொடியில் நிரம்பிவிடும், பதிலில்லாத யுடிபி பதிவோ 30 நொடிக்கு நீங்காது. டேபிள் ஃபுல், டிராப்பிங் பாக்கெட் என்ற செய்தி கெர்னல் பதிவைக் காட்டும் டிமெசேஜில் தென்படும். நேட் (முகவரி மாற்றம்) செய்யாத ரவுட்டருக்கு இது தேவையே இல்லை. ரா டேபிளில் நோட்ராக் விதி எழுதிவிடலாம். நேட் ரவுட்டரைச் சோதிப்பவர் கான்ட்ராக்கை அணைக்கக் கூடாது. மாறாக, ஃபுளோக்களின் எண்ணிக்கையை உண்மையான பயன்பாட்டுக்கு ஏற்ப வரையறுத்துக்கொள்ள வேண்டும்.

அறிகுறி: ஒவ்வொரு ஓட்டத்திலும் எண் மாறுகிறது

சிபியு கவர்னரை (வேகக் கட்டுப்பாட்டு அமைப்பு) பெர்ஃபார்மன்ஸ் நிலையில் வைத்து, ஆழ்ந்த உறக்க நிலைகளைத் தடுத்து, கார்டு எந்த நியூமா நோடில் (சில கோர்களும் அவற்றுக்கு அருகிலுள்ள நினைவகமும் சேர்ந்த தொகுதி) இருக்கிறதோ அதே நோடின் கோர்களுக்கு இன்டரப்ட்டுகளைப் பொருத்தினால், பெரும்பாலான ஆட்டம் அடங்கிவிடும். டர்போவை அணைத்தும் ஒருமுறை அளப்பது நல்லது. ரீபூட்டுக்குப் பிறகு மட்டும் எண் மாறுகிறது என்றால், ஹாஷின் சாவியை நினைவில் கொள்ளுங்கள்: கெர்னல் அதை ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் புதிதாக, சீரற்றதாக உருவாக்குகிறது. சாவி மாறினால் ஃபுளோக்கள் கியூக்களில் விழும் விதமும் மாறும். 16 ஃபுளோக்களை 8 கியூக்களில் பரப்பினால், ஒரு கியூவில் நான்கும் இன்னொன்றில் எதுவுமின்றியும் விழுவது சாதாரணம்; ஆயிரக்கணக்கான ஃபுளோக்களில் இந்த ஏற்றத்தாழ்வு பெரிதும் மறைந்துவிடும். கெர்னல் பதிப்பு மாறியபின் வேகம் குறைந்திருந்தால், 2018 ஜனவரியில் தொடங்கிய ஸ்பெக்டர் (சிபியுவின் பாதுகாப்புக் குறை) தடுப்புகள் இரண்டு பதிப்பிலும் ஒரே நிலையில் உள்ளனவா என்று ஒப்பிடவும்.

மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஓடும் ரவுட்டரில் இந்த ஆட்டத்தை முழுவதுமாக அடக்க முடியாது. வர்ட்ஐஓ (மெய்நிகர் கார்டு) மல்டிகியூவை இயக்கி, ஹோஸ்ட்டில் கோர்களைப் பின் செய்து, அதன் பிறகும் மிஞ்சும் வேறுபாட்டை முடிவோடு சேர்த்தே பதிவு செய்ய வேண்டும்.

அறிகுறி: இழப்பில்லாத வேகம் நம்ப முடியாத அளவு குறைவாக வருகிறது

த்ரூபுட் என்பதற்கு ஆர்எஃப்சி தரும் வரையறை கண்டிப்பானது: ஒரு ஃபிரேம்கூடத் தொலையாத உச்ச வேகம். வேகத்தைப் பாதி பாதியாகக் குறுக்கித் தேடும் கருவிகள், 60 கோடியில் பத்துப் பாக்கெட் தொலைந்தாலும் அந்த வேகத்தைத் தோல்வி என்று குறித்துவிட்டுக் கீழே இறங்குகின்றன. அடுத்தும் அப்படியே நேர்ந்தால் இன்னும் கீழே. வன்பொருள் ரவுட்டருக்கு இது பொருந்தும். டைமர், லாக் எழுதும் வேலை, பின்னணிச் சேவை என்று பலவும் ஒரே கோரைப் பங்கிட்டுக்கொள்ளும் பொதுப்பயன் இயங்குதளத்தில், நூறு மைக்ரோ நொடித் தடங்கல் ஒன்றே தேடலைத் திசைதிருப்பப் போதுமானது. முதலில் ஐசோல்சிபியுஸ் என்ற கெர்னல் அமைப்பு மூலம் ஃபார்வர்டிங் கோர்களிலிருந்து பிற வேலைகளை விலக்கி, ரிங்கை மிதமாக உயர்த்தி மீண்டும் தேடுங்கள். அதற்குப் பிறகும் சில்லறை இழப்பு எஞ்சினால், பூஜ்ய இழப்பில் கிடைத்த வேகத்தையும், 0.001 விழுக்காடு போன்ற ஒரு சிறு இழப்பை அனுமதித்தபோது கிடைத்த வேகத்தையும் தனித்தனி நெடுவரிசைகளில் வெளியிடுங்கள். அனுமதித்த இழப்பு எவ்வளவு, ஒவ்வொரு ஓட்டமும் எத்தனை நொடி நீடித்தது என்பவற்றையும் அதே பட்டியலின் தலைப்பிலேயே எழுதிவிட வேண்டும். ஆர்எஃப்சி 2544 கேட்பது குறைந்தது 60 நொடி. தேடலை வேகமாக முடிக்க இடையிலுள்ள ஓட்டங்களைப் பத்து நொடியாகக் குறைப்பதில் தவறில்லை, ஆனால் கடைசியில் கிடைத்த வேகத்தை முழு 60 நொடிக்கு மறுபடி ஓட்டி, இழப்புக் கணக்கு நேராகிறதா என்று பார்த்த பிறகே அதை முடிவாக எழுத வேண்டும்.